கராஜ் சேலில் வாங்கிய ட்ரம்பெட்டுக்கு வயது என்ன?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் 80 டாலர் கொடுத்து ஒரு பழைய ட்ரம்பெட் வாங்கியிருக்கிறீர்கள். பெல்லில், அதாவது விரிந்த வாய்ப்பகுதியில், "அம்பாசடர்", அதன் கீழே "எஃப். இ. ஓல்ட்ஸ் அண்ட் சன்", அதற்கும் கீழே "லாஸ் ஏஞ்சலஸ், கலிஃப்." என்று பொறித்திருக்கிறது. விரலால் அழுத்தும் மூன்று வால்வுகளில் நடு வால்வில் ஐந்து இலக்க எண் ஒன்று. படமும் அனுப்பியிருக்கிறீர்கள். விற்ற பெரியவர், "நூறு வருஷத்துப் பழசு, ஜாஸ் பிறந்த காலத்தது" என்று சொல்லிக் கொடுத்தாராம். ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்ந்திருக்கும் மகளிடம் இதைக் கொடுக்கலாமா, அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிய பொருளா, எந்த ஆண்டு, எந்த மாடல் என்பது உங்கள் கேள்வி.

நூறு வயது இல்லை. எழுபதுக்கு மேல், எண்பதுக்குள் இருக்கும். மாடல் பெயர் அம்பாசடரேதான். அதற்குள் ஒளிந்திருக்கும் வேறு ரகசிய மாடல் எதுவும் கிடையாது. மகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் முதலில் சில வேலைகள் இருக்கின்றன. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிட்டால், அடுத்த கராஜ் சேலில் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பழைய ட்ரம்பெட் கையில் கிடைத்ததும் எல்லோரும் ஓடுவது சீரியல் எண்ணிடம்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். சீரியல் எண் தனியாக ஒன்றும் சொல்லாது. 54 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் ஓல்ட்ஸிலும் இருக்கும், கான் கம்பெனியின் ட்ரம்பெட்டிலும் இருக்கும், கிங் ட்ரம்பெட்டிலும் இருக்கும். மூன்றும் வேறு வேறு காலம். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த ஊரில் செய்தது என்று முதலில் நிறுத்திவிட்டுத்தான் எண்ணுக்குப் போக வேண்டும். இந்த மூன்றில் ஊர்ப் பெயரைத்தான் நான் அதிகம் நம்புவேன். பட்டறை இடம் மாறினால் பொறிப்பும் மாறியாக வேண்டும்.

உங்கள் ட்ரம்பெட்டையே எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் எல்ஸ்வொர்த் ஓல்ட்ஸ் முதலில் டிராம்போனுக்குப் பேர் போனவர். அவர் கம்பெனி ட்ரம்பெட் செய்யத் தொடங்கியது 1920-களின் கடைசியில். 1979-இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆக, ஓல்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததுமே சுமார் ஐம்பது வருட வேலி ஒன்று கிடைத்துவிட்டது. பெரியவர் சொன்ன நூறு வருடம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. அடுத்தது மாடல். அம்பாசடர் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பள்ளி மாணவர்களுக்கென்று வந்தது. அமெரிக்காவில் பள்ளிதோறும் பேண்ட் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஃபாஸ்டர் ரெனால்ட்ஸ் என்ற கைதேர்ந்த வடிவமைப்பாளர் 1947 வாக்கில் ஓல்ட்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆகவே வேலியின் கீழ் எல்லை 1940-களின் கடைசிக்கு நகர்கிறது. மூன்றாவது ஊர். 1950-களின் நடுவில் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸை விட்டு ஃபுல்லர்டனுக்குப் போனது. அதன் பிறகு வந்த பெல்களில் "ஃபுல்லர்டன், கலிஃப்." என்றுதான் இருக்கும். உங்களுடையதில் லாஸ் ஏஞ்சலஸ் என்று இருக்கிறது. மேல் எல்லையும் வந்துவிட்டது. ஐம்பது வருடத்தில் தொடங்கி ஏழெட்டு வருடத்தில் நிற்கிறோம், எண்ணை இன்னும் தொடவே இல்லை.

இப்போது எண்ணைப் பார்க்கலாம். ஐந்து இலக்கம் என்பது இந்த இடைவெளியோடு சரியாகவே பொருந்துகிறது. இணையத்தில் ஓல்ட்ஸுக்கு ஆண்டு வாரியான சீரியல் பட்டியல்கள் கிடைக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் "இதோ 1951" என்று வந்தால் அதை 1950 முதல் 1952 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பட்டியல்களில் பல, பழைய விற்பனை ரசீதுகளையும் கேஸுக்குள் கிடந்த கேரண்டி அட்டைகளையும் வைத்துப் பிற்காலத்தில் ஆர்வலர்கள் கோத்தவை. பட்டறையில் எண் குத்திய நாள், முழு ட்ரம்பெட்டாக வெளியே வந்த நாள், கடையில் விற்ற நாள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த ஊர்க் கணக்கு ஓல்ட்ஸுக்கு மட்டும் உரியதல்ல. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது வின்சென்ட் பாக் ட்ரம்பெட்தான். வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில் பிறந்து, 1914-இல் அமெரிக்கா வந்து, 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் முனை) செய்யத் தொடங்கிய மனிதர் அவர். 1920-களின் நடுவில் ட்ரம்பெட்டுக்கு வந்தார். 1928-இல் பட்டறை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குப் போனது. 1953-இல் மவுண்ட் வெர்னனுக்கு. 1961-இல் கம்பெனியை செல்மர் என்ற இன்னொரு கம்பெனிக்கு விற்றார். 1965-இல் உற்பத்தியை இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டுக்கு மாற்றினார்கள். பாக் வாசிப்பவர்கள் யாரும் "1956 மாடல்" என்று பேசமாட்டார்கள். "மவுண்ட் வெர்னன் வைத்திருக்கிறேன்" என்பார்கள், அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பெல்லில் இருக்கும் அந்த ஓர் ஊர்ப் பெயருக்காகவே விலை ஏறும். அதே ஸ்ட்ராடிவேரியஸ் 37 என்ற பாக் மாடல், அதே பெல் வடிவம், பத்து வருடம் தள்ளி எல்கார்ட்டில் செய்ததென்றால் விலையும் வேறு, பேச்சும் வேறு. அந்த வித்தியாசம் காதில் விழுகிறதா என்றால், எனக்குப் பாதி நாள் விழுவதில்லை.

ஊர்ப் பெயரில் ஒரு பொறியும் இருக்கிறது. எல்கார்ட் வேறு, எல்கார்ன் வேறு. எல்கார்ட் இந்தியானாவில், பழைய கான், மார்ட்டின் கருவிகள் எல்லாம் அங்கே செய்தவை. எல்கார்ன் விஸ்கான்சினில், பழைய ஹோல்ட்டனும் கெட்ஸனும் அங்கே செய்தவை. ஹோல்ட்டன் 1918 வரை சிகாகோவில் இருந்தது, எனவே சிகாகோ என்று பொறித்த ஹோல்ட்டன் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தேய்ந்த பொறிப்பில் கடைசி எழுத்துகள் மங்கியிருந்தால் இந்த இரண்டு ஊரையும் மாற்றிப் படித்துவிட்டுத் தப்பான பட்டியலில் மணிக்கணக்காகத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் தேடியிருக்கிறேன்.

பொறிப்பில் இருக்கும் எல்லா வார்த்தையும் மாடல் பெயர் அல்ல. பல வருடங்களுக்கு முன் ஒருவரிடம் ஒரு பழைய பிரெஞ்சு ட்ரம்பெட் வாங்கினேன். பெல்லில் அழகான எழுத்தில் "ப்ரவெத்தே" என்று இருந்தது. அது அபூர்வமான மாடல் என்று சொல்லி விற்றார். நானும் தலையாட்டி, கேட்ட பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், பிரெஞ்சில் அதற்குக் "காப்புரிமை பெற்றது" என்றுதான் அர்த்தம். நம் ஊர்ப் பாத்திரத்தில் "பதிவு செய்யப்பட்டது" என்று குத்தியிருப்பதைப் படித்துவிட்டு அதையே பிராண்ட் பெயர் என்று நம்பிய கதை. அதோடு "எஸ்.ஜி.டி.ஜி." என்று நான்கு எழுத்து இருந்தால், "அரசு உத்தரவாதம் இல்லாமல்" என்ற வாசகத்தின் சுருக்கம் அது. பிரான்ஸில் 1844-இல் சட்டமாகி 1968-இல் கைவிடப்பட்ட வழக்கம். ஆகவே அந்த நான்கு எழுத்தும் ஒரு மேல் எல்லைதான். கொடுத்த பணத்துக்கு அந்தப் பாடமாவது மிஞ்சியது.

அமெரிக்க ட்ரம்பெட்டில் காப்புரிமை எண்ணே இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கக் காப்புரிமை பத்து லட்சம் என்ற எண்ணை 1911-இல் தொட்டது. இருபது லட்சத்தை 1935-இல். முப்பது லட்சத்தை 1961-இல். வால்வில் இருபது லட்சத்துக்கு மேல் ஓர் எண் குத்தியிருந்தால் அந்தக் கருவி 1935-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. இது கீழ் எல்லையை மட்டும்தான் சொல்லும். காப்புரிமை வாங்கி இருபது வருடம் கழித்தும் அதே எண்ணைக் குத்திக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

எழுத்து எல்லாம் தேய்ந்துபோயிருந்தால் உடம்பைப் பார்க்க வேண்டும். இன்று நாம் அழுத்தும் இந்த வகை பிஸ்டன் வால்வு பாரிஸில் பெரினே என்பவர் 1839-இல் கொண்டுவந்தது. அதனால் மூன்று பிஸ்டனோடு வரும் ட்ரம்பெட்டை "நெப்போலியன் போரில் ஊதியது" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். பி-ஃப்ளாட்டிலிருந்து ஏ சுருதிக்குச் சட்டென்று மாற்ற ஒரு சிறு திருகு வால்வோ, அளவு குறித்த நீண்ட ஸ்லைடோ (இழுத்து நீட்டும் குழாய்) இருந்தால், அது பெரும்பாலும் 1930-களுக்கு முந்தைய பழக்கம். வால்வின் மேல் "எல்.பி." அல்லது "எச்.பி." என்று இரண்டெழுத்து இருந்தால் அது தாழ் சுருதி, உயர் சுருதி. இன்று உலகின் பெரும்பகுதியில் ஏ என்ற சுரம் வினாடிக்கு 440 அதிர்வில் நிற்கிறது. அந்தக் காலத்து உயர் சுருதி 450-ஐத் தாண்டும். 1917-இல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் 440-ஐ ஏற்றது. அதன் பிறகு அங்கே எச்.பி. மெல்ல மறைந்தது. பிரிட்டனின் பித்தளை பேண்டுகள் மட்டும் 1960-கள் வரை பிடிவாதமாக உயரத்திலேயே ஊதிக்கொண்டிருந்தன. இந்தக் குறிப்பு வயதுக்கு மட்டும் பயன்படுவதல்ல. எச்.பி. கருவியை வாங்கிக் குழந்தையிடம் கொடுத்தால், ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் பள்ளி பேண்டோடு சேராது. பாவம், குழந்தைக்குக் காது சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள். உங்கள் ஓல்ட்ஸில் அந்தக் கவலை இல்லை.

இன்னொரு சோதனை, துளையின் அளவு. நடு வால்வின் சின்ன ஸ்லைடை உருவுங்கள். உள்ளே போகும் குழாயின் உள் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். அம்பாசடரில் 0.460 அங்குலம், அதாவது 11.68 மில்லிமீட்டர் வர வேண்டும். கானின் 22பி, 38பி போன்றவற்றில் 0.438 அங்குலம்தான்; ஊதும்போது எதிர்ப்புத் தெரியும். பாக்கில் எம்.எல். என்று குறிக்கும் துளை 0.459. ஓல்ட்ஸுக்கும் பாக்குக்கும் இடையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதைச் சந்தைக் காலிப்பரில் பிடிக்க முடியாது. ஆனால் பெல் ஒரு கம்பெனி, வால்வு இன்னொரு கம்பெனி என்று ஒட்டுப் போட்ட கருவிகள் இந்த அளவில் பல சமயம் மாட்டிக்கொள்ளும்.

ஒட்டுப் போடுவது அரிதல்ல என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடக் கருவி என்றால் விழும், மிதிபடும், பேருந்தில் மறந்து விடப்படும். பள்ளி வருடத்துக்கு ஒருமுறை இருபது ட்ரம்பெட்டை மொத்தமாக ரிப்பேருக்கு அனுப்பும். அங்கே இருப்பதை வைத்து இல்லாததைச் சேர்ப்பார்கள். அதனால் மூன்று பிஸ்டனையும் கழற்றிப் பாருங்கள். மேல் மூடியைத் திருகி, நேராக மேலே இழுங்கள், இடுக்கி வேண்டாம். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று குத்தியிருக்கும். மவுத்பீஸுக்குப் பக்கத்தில், அதாவது வாசிப்பவருக்கு அருகில் இருப்பது 1. பல கம்பெனிகள் பிஸ்டனிலேயே சீரியல் எண்ணையோ அதன் கடைசி இலக்கங்களையோ குத்தி வைப்பதுண்டு. அப்படி ஏதாவது இருந்து, அது வெளியே இருக்கும் எண்ணோடு பொருந்தினால், வால்வுகள் பிறந்த வீட்டிலேயே இருக்கின்றன என்று அர்த்தம். திரும்பப் போடும்போது 1-ஐ 3-இன் குழியில் போட்டால் காற்று போகவே போகாது. கன்னத்தை உப்பி ஊதிவிட்டு, ட்ரம்பெட் செத்துவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள்.

அடுத்து பொறிப்பின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அசலான வெட்டு என்றால் லேசாகக் கூர்மை தட்டுப்படும். மழுங்கி, தண்ணீரில் கரைந்த சோப்பில் எழுதியது மாதிரி இருந்தால், யாரோ மெஷினில் பஃப் அடித்துத் தேய்த்து, புது லாக்கர், அதாவது பித்தளை கறுக்காமல் காக்கும் பளபளப்புப் பூச்சு, பூசியிருக்கிறார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் பித்தளை மெலிந்திருக்கும். என் முதல் கார்னெட்டை (ட்ரம்பெட்டின் குட்டையான உறவுக்காரக் கருவி) அப்படித்தான் ஒரு கடையில் கொடுத்துக் கெடுத்தேன். கடைப் பெயர் எதற்கு. "புதுசு போல ஆக்குங்கள்" என்று கேட்டது நான்தான். திரும்பி வந்தபோது பெல்லில் ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. ஆகவே, உங்களுடையதில் கறை இருக்கிறது, புள்ளி இருக்கிறது என்று பிராஸோவை எடுக்காதீர்கள். குறைந்தபட்சம் எல்லாப் பொறிப்பையும், சாய்வான வெளிச்சத்தில், ஃபோட்டோ எடுத்து முடிக்கும் வரையாவது எடுக்காதீர்கள்.

அந்தப் புள்ளிகளில் ஒரு வகைக்கு மட்டும் பயப்பட வேண்டும். மவுத்பீஸ் செருகும் குழாயில், மஞ்சள் நடுவே ரோஜா நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், வட்டத்தின் மையத்தில் ஊசிமுனை போல ஒரு கறுப்பு. பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய், செம்பு மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்பதன் அடையாளம் அது. வாயின் ஈரம் உள்ளேயிருந்து தின்றுகொண்டே வந்து கடைசியில்தான் வெளியே முகம் காட்டும். துடைத்தால் போகாது. அந்தக் குழாயை மட்டும் மாற்றலாம். வாசிக்க நல்லது, ஆனால் அசல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

இன்னொரு வகை குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் பட்டறையிலேயே இரண்டாம் தரக் கருவியை வேறு பெயரில் விற்றன. "பான் அமெரிக்கன்" என்று இருந்தால் அது கானின் வீட்டுப் பிள்ளை. "கிளீவ்லாண்ட்" என்று இருந்தால் கிங் ட்ரம்பெட் செய்த எச். என். வைட் கம்பெனியினுடையது. கடைக்காரர்களும் அஞ்சல் வழி விற்பவர்களும் தங்கள் பெயரையே பொறிக்கச் சொல்லி வாங்கியதுண்டு. அப்படிப்பட்டதில் பெல்லில் இருக்கும் பெயரைத் தேடிப் பயனில்லை. குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிரேஸின் வடிவம், வால்வு மூடியின் அடிப்பகுதி, நீர் விடும் சாவியின் வளைவு இவற்றைத் தெரிந்த கருவிகளோடு ஒப்பிட்டுத்தான் தாய் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். யமஹா இந்தத் தொல்லையே வைக்கவில்லை. மாடல் எண்ணைக் குத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தியாவிலிருந்து வாங்கி வரலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நம் கல்யாண ஊர்வல பேண்ட் செட்டுகளில் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் வழியாக வந்த பழைய பூஸி அண்ட் ஹாக்ஸ், பெஸ்ஸன் கருவிகள் எங்காவது இருக்கலாம். லண்டன் ஆட்களுக்கும் அதே ஊர்க் கணக்குதான், இங்கே அது தெருக் கணக்காகிவிடும். "198, யூஸ்டன் ரோடு" என்றால் பெஸ்ஸன். "பூஸி அண்ட் ஹாக்ஸ்" என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் 1930-க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனென்றால் இரண்டு கம்பெனியும் அந்த ஆண்டுதான் ஒன்றானது. ஆனால் "பழமையான லண்டன் ட்ரம்பெட்" என்று நெட்டில் மலிவாக வருவதில் பலவும் புதிதாகச் செய்து, அமிலம் தடவிக் கறுக்க வைத்தவை. உத்தரப் பிரதேசத்து மீரட்டில் பேண்ட் கருவி செய்பவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறார்கள். நாட்டின் பேண்ட் செட்டுகளில் பாதி அவர்களை நம்பித்தான் ஓடுகிறது, அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. புதிய பித்தளைக்கு விக்டோரியா ராணி காலத்து முத்திரை குத்தி விற்பவரைத்தான் சொல்கிறேன். முத்திரை மட்டும் தேய்ந்திருக்கும், விரல் படும் வால்வு உறையில் தேய்மானமே இருக்காது. எழுபது வருடம் வாசித்த கருவியில் இடது கை பிடிக்கும் இடத்தில்தான் லாக்கர் முதலில் போகும்.

உங்கள் படத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன். மூன்றாம் வால்வைச் சுற்றி, சின்னக் கையொன்று பிடித்த அளவுக்கு லாக்கர் போய் பித்தளை பழுத்திருக்கிறது. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் வாசித்த கருவி. பெல் ஓரம் நேராக இருக்கிறது, ரோஜாப் புள்ளி கண்ணில் படவில்லை. அம்பாசடரைச் சேகரிப்பவர்கள் குறைவு, ஏனென்றால் ஏராளமாகச் செய்தார்கள். ஆனால் மாணவர்களுக்கென்று செய்ததை வளர்ந்தவர்களும் கீழே வைக்க மனமில்லாமல் வாசிக்கும் அளவுக்கு நன்றாகச் செய்துவிட்டார்கள். இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் ஆரம்பநிலை ட்ரம்பெட் பலவற்றை விட நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மகளிடம் கொடுக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பிஸ்டன்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு முழுவதும் கழுவுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், லாக்கர் உரிந்து வரும். ஸ்லைடு நகரவில்லை என்றால் பலம் காட்டாமல் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். வால்வுக்கு வால்வு எண்ணெய் மட்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. மவுத்பீஸ் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். கேஸில் கிடந்ததன் காம்பு நசுங்கியிருக்கிறது, அது ஓல்ட்ஸினுடையதும் இல்லை.

பிஸ்டனைக் கழற்றும்போது அதில் எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பொருந்துகிறதா இல்லையா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.